கரை நீக்கித் தரப்படும்

பேச்சுக்கு ஒரு மணி, ஆவேசத்துக்கு இரண்டு மணி என்று அடித்து எங்களை அளவோடு பேசவைக்கும் சங்கத்தலைவர் வண்ணக்கடை ஐயா அவர்களே! எனக்கு முன்னால் முழங்கி, நான் மனப்பாடம் செய்து வந்ததில் பாதியை மறக்கவைத்துவிட்ட ஆணிக்கடை அண்ணன் அவர்களே! கடையைப் பூட்டிவிட்டு வந்தும் கண்ணைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! வீட்டையும் வியாபாரத்தையும் ஒரே மூச்சில் நடத்தி, இங்கே வந்த பிறகுதான் இன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! கூட்டம் முடிந்தால் தேநீர் உண்டு என்ற நம்பிக்கையில் என்னைப் பொறுத்துக்கொள்ளப் போகும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் சலவைக்கடைப் பெண்ணின் வெள்ளை வெளேரென்ற வணக்கம்!

வணிகத்துக்குச் சமூக ஊடகம் உதவுமா, உதவாதா? நம் தெருவுக்கென்று சங்கத்தின் சார்பில் ஒரு பக்கம் தொடங்கலாமா, கூடாதா? இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கி முடிவு செய்யப்போகும் கேள்வி இது.

ஆணிக்கடை அண்ணன் கூடாது என்றார். எப்படிச் சொன்னார்? "போனைத் தடவுற நேரத்துல கடை வாசலைக் கூட்டுங்கய்யா, வாசலாவது சுத்தமாகும்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். மறைக்கவில்லை, நானும் தட்டினேன். ஏனென்றால் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. நம் ரொட்டிக்கடைத் தம்பி தலையில் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தை ஊரே கைப்பேசியில் பார்த்தது. பார்த்தவர்கள் மறுநாள் கடைக்கும் வந்தார்கள். வந்து என்ன கேட்டார்கள்? ரொட்டி கேட்டார்களா? "இன்னொரு தடவை ஆடுங்களேன்" என்று கேட்டார்கள்! தம்பி, அங்கே எழுந்திருக்க வேண்டாம். இது மேடை, பேசுவதற்கு மட்டும்.

ஆக, ஆட்டம் போட்டால் ஆதாயம் வந்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. என் படம் எந்தப் பக்கத்திலும் கிடையாது. துணிக்கு அடையாளச் சீட்டு கட்டும் நேரம் போக, மீதி நேரம் முன்மேசையில் ஒரு புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்பவள் நான். அப்படிப்பட்டவள் ஏன் இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறேன்? மூடப்போன ஒரு கடை மூடப்படாமல் நின்ற கதையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் நிற்கிறேன். அந்தக் கதை ஓர் எழுத்துப்பிழையில் தொடங்குகிறது. எழுத்துப்பிழை என்றதும் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே!

எங்கள் கடைக்குள் வந்தவர்களுக்குத் தெரியும். கூரையை ஒட்டி ஒரு நீளமான இரும்புக் கம்பி ஓடும். தேய்த்து முடித்த துணிகளைக் கொக்கியில் மாட்டி அதில் தொங்கவிடுவோம். துணி நிறைய இருந்தால் கம்பியை இழுக்கும்போது சரசரவென்று ஒரு சத்தம், புதுத்தாளைப் புரட்டுவதுபோல. துணி இல்லையென்றால்? வெறும் கொக்கிகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று கத்தும். தெருக்கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய சலவை நிலையம் வந்தது. கைப்பேசியை விரலால் தொட்டால் வீட்டுக்கே வந்து துணி வாங்கிப் போகிறார்கள். எங்கள் கம்பி கத்தத் தொடங்கியது. காலையில் கத்தியது, மாலையில் கத்தியது. கடைசியில் அதை இழுப்பதையே விட்டுவிட்டோம்.

கட்டடக்காரர் வந்தார். "கடையைத் தொடர்றீங்களா, சாவியைத் தர்றீங்களா? மாசக் கடைசிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். கேட்டவர்மேல் குறையில்லை.

என் மாமா, அதோ மூன்றாவது வரிசையில் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்கிறாரே, அவர்தான், சாவியைக் கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார். "கண்ணாடிக் கதவுக்காரங்க கிட்டயே வேலைக்குப் போயிடுறேன். அங்கயும் இஸ்திரிப் பெட்டி சுடத்தானே செய்யும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் புத்தகத்தைத் திறந்தேன். எதையும் படிக்கவில்லை.

அத்தைதான் அசையவில்லை. "மூடுறதுன்னா மூடலாங்க. ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு மூடலாம். சொல்லாம மூடினா நாம இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது" என்றார்.

"எப்படிச் சொல்றது? மேளம் அடிச்சா?"

"போன் எதுக்கு வெச்சிருக்கீங்க? காலையில 'இனிய காலை வணக்கம்'னு பூப்படம் அனுப்பவா?"

மாமா கைப்பேசியை எடுத்தார். இங்கேதான் ஒரு தொழில் ரகசியம். காலமெல்லாம் சூட்டிலும் சோப்பிலும் புழங்கிய விரல்கள் அவருடையவை. நுனியில் ரேகையே இல்லை. அவர் தொட்டால் கைப்பேசி யாரோ என்று இருந்துவிடும். அதனால் அவர் அதனிடம் வாயால் சொல்வார், அது எழுதிக்கொள்ளும். வாய்க்கருகே வைத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல் நிமிர்ந்து நின்று சொன்னார்: "எங்கள் கடையில் எப்பேர்ப்பட்ட கறையையும் அடையாளம் தெரியாமல் நீக்கித் தருவோம். ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்."

சபையோரே, கறையில் வருவது எந்த ற? வல்லின ற. பெரிய ற. ஆனால் நம்மில் எத்தனை பேர் அதை வலித்துச் சொல்கிறோம்? மாமாவின் வாயில் வல்லினம் மெலிந்தது. கைப்பேசி தன் காதில் விழுந்ததை எழுதியது. எழுதியதை மாமா, பெயருக்குத் தொடங்கிவைத்திருந்த எங்கள் கடைப் பக்கத்தில் போட்டார். ஊருக்கு என்ன போய்ச் சேர்ந்தது?

"எப்பேர்ப்பட்ட கரையையும் அடையாளம் தெரியாமல் நீக்கித் தருவோம்!"

கறை போய்விட்டது, கரை வந்துவிட்டது! உடுத்தும் துணிக்கு ஓரமாக இருக்கும் கரை. ஆற்றுக்கும் கடலுக்கும் எல்லையாக இருக்கும் கரை. அதை அடையாளம் தெரியாமல் நீக்கித் தருகிறோமாம்!

ஊர் சும்மா இருக்குமா? ஒருவர் பார்த்தார், ஊருக்கே அனுப்பினார். "ஆத்துக்கரையையும் எடுப்பீங்களா?" என்று கேட்டார் ஒருவர். "கடற்கரையை நீக்கிட்டா நாங்க காத்து வாங்க எங்க போறது?" என்று கேட்டார் இன்னொருவர். "கட்சி மாறுறவங்க வேட்டியில இருந்து கரையை உருவித் தருவீங்களா?" என்றார் மற்றொருவர். அவர் யார் என்று எனக்குத் தெரியும். இதே மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், தலைவரே, நீங்கள் மணியில் கை வைக்க வேண்டாம்.

மாமா உடைந்துபோனார். சின்ன ர, பெரிய ற என்று நான் விளக்கினேன். "சின்னதோ பெரிசோ, மானம் போனது போனதுதான் பாப்பா. அழிச்சிடு" என்று சொல்லிக் கைப்பேசியைக் கஞ்சிமாவு டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"அழிக்க வேண்டாம் மாமா, திருத்திடலாம்" என்றேன்.

அத்தை டப்பாவைத் திறந்தார். மாவைத் தட்டிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தையைத்தான் இன்றைக்கு உங்கள்முன் வைக்க வந்திருக்கிறேன்.

"சிரிக்கிறவங்க நம்ம வாசல் வரைக்கும் வந்துட்டாங்கல்ல? வந்தவங்கள உள்ள வாங்கன்னு சொல்லாம விளக்கை அணைக்கச் சொல்றீங்களே!"

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். ஆற்றுக்கரைக்காரருக்கு எழுதினார்: "ஆத்தை மடிச்சு எடுத்துட்டு வாங்க தம்பி, பாக்கலாம்." கட்சிக்காரருக்கு எழுதினார்: "கரை மாத்தித் தரலாங்க. இன்னும் எத்தனை கட்சின்னு முன்னாடியே சொல்லிட்டா தையலுக்கு வசதியா இருக்கும்." "உங்களுக்குத் தமிழே தெரியல, சட்டை குடுத்தா பாவாடையாத்தான் வரும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கும் பதில்: "அளவு சரியா இருந்தா போட்டுக்கங்க."

கேலி செய்தவர்கள் குளிர்ந்துபோனார்கள். ஆனால் பெரியோர்களே, தாய்மார்களே, உண்மையைச் சொல்கிறேன். சிரித்தவர்களில் ஒருவராவது ஒரு கைக்குட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாரா? இல்லை! கம்பி காலியாகத்தான் கிடந்தது. அண்ணன் இப்போது தலையாட்டுகிறார். ஆட்டுங்கள் அண்ணா, கொஞ்சநேரம்தான்.

மறுநாள் காலை கடைக்குள் ஒரு புயல் நுழைந்தது. பக்கத்துக் கடைத் தையலக்கா. எங்கள் நீராவிக் குழாய் அவருடைய சுவரை ஈரமாக்கியதிலிருந்து அத்தைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்படிப்பட்டவர் படியேறி வந்து, "ஏங்க, கரை எடுக்குறது தைக்கிறவ வேலை. செவுத்தை நனைச்சீங்க, சும்மா இருந்தேன். இப்ப என் பொழப்புலயே கை வைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

என்ன அக்கா சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். கோபத்தில் வரவில்லையாம், நியாயம் கேட்க வந்தாராம்! சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். நியாயம் அன்றைக்குத் தெருமுனை வரை கேட்டது.

அது பிழை என்று நாங்கள் விளக்கி அவரை அனுப்பிவைத்த அதே நாளில், அந்தச் சிரிப்புக் கும்பலுக்கு நடுவே ஒரு கேள்வி வந்து உட்கார்ந்திருந்தது. "கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கரையை எடுப்பீர்களா?"

கேட்டவர் ஒரு மருத்துவமனையில் சீருடைகளுக்குப் பொறுப்பான அம்மையார். அவர்களுடைய வெள்ளை மேலங்கிகளுக்குக் கழுத்திலும் கைமுனையிலும் பச்சைக் கரை. நிர்வாகம் மாறியது. இனி நீலக் கரைதான் என்று உத்தரவு வந்தது. மேலங்கிகளோ முழுசாக இருக்கின்றன. "ஓரம் பிடிக்கலேன்னு உடுப்பையே தூக்கிப் போட எனக்கு மனசு வரல. அடையாளம் தெரியாமன்னு எழுதியிருக்கீங்களே, அது நிஜமா?" என்று அத்தையிடம் தொலைபேசியில் கேட்டார்.

மாமா பதறினார். "நாம சொல்லாத வார்த்தைக்கு நாம எப்படிம்மா பொறுப்பாக முடியும்?"

"நம்ம பேர்லதானே போயிருக்கு" என்றார் அத்தை. "ஒண்ணு குடுங்க, செஞ்சு காட்டுறோம்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு எங்கே போனார்? பக்கத்துக் கடைக்குப் போனார். பேசாதிருந்த படியில் ஏறினார். "பொழப்புல கை வைக்கிறேன்னு திட்டினீங்கள்ல? இப்ப நிஜமாவே வைக்கப்போறேன். நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டார்.

மேலங்கி வந்தது. ஒரு கைமுனையை மட்டும் பிரித்துப் பார்ப்பது என்று முடிவு. தையலக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிளேடின் முனையை நூலுக்கும் துணிக்கும் இடையில் நுழைத்து, ஒவ்வொரு தையலாக அறுத்துக்கொண்டே போனார். கரை கழன்று மேசையில் விழுந்தது.

அதற்கடியில் என்ன இருந்தது தெரியுமா? வெள்ளைத் துணியில் ஒரு பச்சை நிழல்! துவைக்கத் துவைக்கக் கரையின் சாயம் கசிந்து அடித்துணியில் இறங்கி ஊறிப்போயிருந்தது. சுற்றிலும் எறும்பு ஊர்ந்ததுபோல் ஊசித் துளைகள். கரையை எடுத்தும் கரை இருந்த இடம் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது.

தையலக்கா கண்ணாடியைக் கழற்றினார். "இதனாலதான் இந்த வேலையை நான் எடுத்துக்கறதே இல்ல. கரை வந்துடும். கறை நின்னுடும்" என்றார்.

மாமா தலையைத் தூக்கினார். "என்ன சொன்னீங்க?"

"கரை வந்துடும், கறை நின்னுடும்னு சொன்னேன்."

"எது பாப்பா சின்னது, எது பெரிசு?" என்று என்னைக் கேட்டார் மாமா.

"வந்தது சின்னது மாமா. நிக்கிறது பெரிசு."

"அப்ப நிக்கிறது நம்ம ஆளு!" என்றார் மாமா. எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "நகருங்கம்மா, இனிமே என் வேலை!"

சபையோரே, அந்த ஒரு கணத்தை நினைத்துப் பாருங்கள். பிழை என்று எதை நினைத்துக் கூனிக் குறுகினாரோ, அது பிழையே இல்லை! கரையை எடுப்பவருக்குக் கறை நீங்கவில்லை. கறையை எடுப்பவருக்குக் கரை தெரியவில்லை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவரிலும் ஈரம். தவறாகப் போன ஓர் எழுத்து அந்தச் சுவரில் ஒரு வாசலை வைத்துவிட்டது!

வெந்நீர் பட்டால் சாயம் இறுகிவிடும் என்று மாமா குளிர்ந்த நீரிலேயே அலசினார். சாயம் எடுக்கும் கரைசலைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு ஒற்றினார். பச்சை வெளுத்தது. வெளுத்தது மஞ்சளித்தது. மஞ்சளும் மறைந்தது. ஈரம் இருக்கும்போதே நீராவியைக் காட்டி, ரேகையில்லாத அந்த விரல்களால் துணியை நீவிவிட்டார். ஊசித் துளைகள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. தையலக்கா அதற்குமேல் நீலக் கரையை வைத்துத் தைக்கப்போனார். "இருங்க, அந்தம்மா முதல்ல வெறுந்துணியைப் பாக்கட்டும்" என்று தடுத்தார் அத்தை. மறைத்துக் காட்டுவதில் என்ன பெருமை?

அம்மையார் வந்தார். மேலங்கியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திருப்பினார். தடவினார். மறுபடி திருப்பினார். மாமா இஸ்திரிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மேலங்கிக் கையின் ஓரத்தில்தான் எங்கள் கடைச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது என்று அந்த அம்மையாருக்குத் தெரியாது.

கடைசியில் கேட்டார்: "இந்தக் கையில கரை இருந்துச்சா, இல்ல எனக்குத்தான் மறந்துபோச்சா?"

கைதட்டுங்கள்! தட்டுங்கள், அன்றைக்கு எங்களுக்குத் தட்டத் தோன்றவில்லை. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீராவிங்க" என்றார்.

அம்மையார் கிளம்பும்போது நான் ஒன்று கேட்டேன். "தெருக்கோடியில அவ்வளவு பெரிய நிலையம் இருக்கே, அவங்ககிட்ட கேக்கலையாங்க?"

"உங்களுக்கு முன்னாடி அவங்களத்தான் கேட்டேம்மா. அழகான பக்கம், அழகான படம். 'எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி'ன்னு உடனே பதில் வந்துச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் நன்றிதான் சொன்னாங்க. உங்க வீட்டம்மாதான், ஆத்தை மடிச்சுக் கொண்டுவரச் சொன்னாங்க. அவ்வளவு பொறுமையா பதில் சொல்றவங்க துணியையும் பொறுமையாத்தான் பாப்பாங்கன்னு தோணுச்சு."

இதைவிட என்ன சான்று வேண்டும் இந்த அவைக்கு? கண்ணாடிக் கதவுக்கும் ஒரு பக்கம் இருந்தது, எங்களுக்கும் ஒரு பக்கம் இருந்தது. அங்கே படம் இருந்தது. இங்கே பிழை இருந்தது. அங்கே இயந்திரம் நன்றி சொன்னது. இங்கே ஒரு மனுஷி பதில் சொன்னாள். வாடிக்கையாளர் எந்த வாசலில் ஏறினார்?

மூட்டை மூட்டையாக மேலங்கிகள் வந்து இறங்கின. மருத்துவமனையைப் பார்த்து விடுதி வந்தது. விடுதியைப் பார்த்துப் பேருந்து நிறுவனம் வந்தது. தையலக்காவும் நாங்களும் நடுச்சுவரில் ஒரு ஜன்னலே வைத்துவிட்டோம், துணி கைமாற. கட்டடக்காரர் சொன்ன தேதியில் வந்து நின்றார். "என்ன முடிவு பண்ணீங்க? சாவி?" என்றார்.

"சாவி இங்கதாங்க இருக்கு" என்றார் மாமா. "ஆனா இப்ப கதவை மூட முடியாது. துணி இடிக்குது!"

சொல்லிவிட்டுக் கம்பியை இழுத்தார். அது கத்தவில்லை. சரசரவென்று ஓடியது.

ஆணிக்கடை அண்ணா, இப்போது உங்களிடம் வருகிறேன். வாசலைக் கூட்டச் சொன்னீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். கைப்பேசிக்குள்ளும் நமக்கு ஒரு வாசல் இருக்கிறது. அதைக் கூட்டிவைத்தால் போதுமா? கோலாகலமாக விளக்கு மாட்டினால் போதுமா? வந்து நின்றவரை "என்ன வேணும்?" என்று கேட்க அங்கே ஓர் ஆள் வேண்டாமா? நம் தெருவில் கடைக்குள் யாராவது வந்தால் முகத்தைப் பார்க்காமல் வியாபாரம் செய்வோமா? சும்மா விலை கேட்டுப் போகிறவரிடம்கூட நாலு வார்த்தை பேசாமல் விடுவோமா? மாட்டோம்! அதுதான் நம் கைவசம் இருக்கும் கலை. காசு கொடுத்து விளம்பரம் வாங்குகிறவர்களால் வாங்க முடியாத கலை. அந்தக் கலையை அந்த வாசலுக்கும் கொண்டுபோவோம் என்றுதான் கேட்கிறேன். பேசிப் பேசியே பிழைத்த நமக்கா பதில் சொல்லத் தெரியாது?

உங்களிடமே ஒன்று கேட்கிறேன் அண்ணா. எங்கும் கிடைக்காத ஆணியைத் தேடி எத்தனை பேர் ஊரெல்லாம் அலைகிறார்கள்? அந்த ஆணி உங்கள் கடையில் எந்த டப்பாவில் கிடக்கிறது என்று உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? அவர்கள் கேட்கும் இடத்தில் நீங்கள் இல்லையென்றால், ஆணி இருந்தும் என்ன, அண்ணன் இருந்தும் என்ன?

ஐயா மணியடிக்கிறார். முதல் மணிதான். ஆவேசத்துக்கு இன்னும் ஒரு மணி பாக்கி இருக்கிறது.

போன மாதம் எங்கள் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை. நம் தலைவர் ஐயா கடையில்தான் வண்ணம் வாங்கினோம். பலகை எழுத வந்தவர் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு, "கறைக்கு எந்த ர போடணும்? சின்னதா, பெரிசா? உங்க கடை விஷயம், கேட்டுட்டே எழுதிடறேன்" என்றார். தெருவே நின்று சிரித்தது. ஒரு காலத்தில் கைப்பேசியைக் கஞ்சிமாவில் புதைத்த என் மாமா, அன்றைக்கு இடுப்பில் கைவைத்துக்கொண்டு தெரு நடுவில் நின்று சொன்னார்:

"ரெண்டையும் போடுப்பா. ரெண்டுக்கும் ஆள் இருக்கு."

பெரியோர்களே, தாய்மார்களே! கறை நீக்கப் பிறந்த கடை அது. கரை நீக்கப் போய்க் கரை சேர்ந்தது. இன்றைக்குக் கை தூக்கப்போகும் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பக்கத்தைத் தொடங்குங்கள். பிழை வரும், வரட்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரித்துக்கொண்டு வாசல் வரை வந்தவர்களை உள்ளே கூப்பிட ஒருவரை உட்கார வையுங்கள். தையலக்கா கையைத் தூக்கிவிட்டார், நான் இன்னும் முடிக்கவில்லை அக்கா! அதோ, மாமாவும் துண்டை எடுத்துவிட்டுத் தூக்குகிறார்.

ஆணிக்கடை அண்ணா, அது கையா, காதைச் சொறிகிறீர்களா? கைதான் என்று எடுத்துக்கொள்கிறேன்!

இவ்வளவு நேரம் என் குரலுக்குக் காது கொடுத்த உங்களுக்கும், இரண்டாவது மணியை அடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நின்ற தலைவர் ஐயாவுக்கும், சின்ன ர-வில் தொடங்கிப் பெரிய ற வரை என் நெஞ்சு நிறைந்த நன்றி. கறையோடு வருபவர்களுக்கும் கரையோடு வருபவர்களுக்கும் எங்கள் வாசல் திறந்தே இருக்கிறது. வணக்கம்!